பாடபேதம்

கிழக்கேகோட்டையில் கடை வைத்தவனை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது என்பது என் சிநேகிதியின் மாமனாருடைய நம்பிக்கை. எதிரே பழவங்காடி கணபதி கோயிலில் நாள் முழுவதும் சிதறு தேங்காய் உடைகிற சத்தம். கோட்டை வாசலில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கம்போளத்தில் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த சரக்கு, வந்த மனிதர்கள், வந்த தமிழ். திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிய அந்தக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் ஜவுளி விற்றவர் அவர். ஆளின் முகத்தையும் செருப்பையும் பார்த்தே கடன் கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானித்தவர்.

அவருடைய மருமகளுக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியாது. பலருடைய குரல்கூடத் தெரியாது. கோட்டை வாசலை ஒட்டிய ஒரு தெருவில், மாடியில் இரண்டு அறைகள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு தராசு, அட்டைப் பெட்டிகள். இவைதான் அவளுடைய கடை. பாலராமபுரம் கைத்தறிச் செட்டுமுண்டுகளையும் கசவு வேஷ்டிகளையும் இணையதளத்தில் படம் போட்டு விற்கிறாள். அந்தத் துணிகளின் விவரக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவதற்காகத்தான் நான் முதன்முதலில் அந்த மாடிப்படி ஏறினேன். பாலராமவர்மா மகாராஜா காலத்தில், உம்மிணித் தம்பி முயற்சியெடுத்துத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய சாலியர்களின் தறி அது. எனவே தமிழ் வாங்குபவர்களிடம் அதைத் தமிழில் சொல்வதில் எனக்கும் ஒரு திருப்தி இருந்தது.

விவரக் குறிப்புகள் எழுதப் போன இடத்தில் எனக்கு வேறொரு இலக்கியம் அறிமுகமாயிற்று. அவளுக்கு வரும் மோசடிக் கடிதங்கள்.

இணையத்தில் கடை திறந்தவர்களின் முகவரி ஊருக்கெல்லாம் தெரிந்த முகவரி. அதனால் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நாலு ஆர்டருக்குப் பத்து தூண்டில் கிடக்கும். உங்கள் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே கடவுச்சொல்லைத் தட்டுங்கள். உங்கள் இணையதளப் பெயர் நாளை காலாவதியாகிறது, இன்றே பணம் கட்டுங்கள். நீங்கள் போட்ட படம் எங்களுடையது, 24 மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் உங்கள் பக்கம் முடக்கப்படும். ஜி.எஸ்.டி. நோட்டீஸ் இணைக்கப்பட்டுள்ளது, திறந்து பாருங்கள். நானூறு செட்டுமுண்டு வேண்டும், செக் அனுப்புகிறோம், தொகை கூடுதலாக இருந்தால் மீதியை எங்கள் கப்பல் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள். (கடைசி வகையில் செக் திரும்பி வரும். அனுப்பிய மீதி திரும்பி வராது.)

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவளுக்கு இவற்றைப் படிப்பதில் ஒரு குரூரமான சந்தோஷம் உண்டு. 'பிரியமான வழக்கக்காரரே, உங்கள் கணக்கு தொங்கவிடப்பட்டுள்ளது' என்று தமிழிலேயே ஒன்று வந்திருந்தது. எந்த ஆங்கிலச் சொல் எந்த இயந்திரத்துக்குள் புகுந்து இப்படி வெளியே வந்தது என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. நானும் அவளும் உரக்க வாசித்துச் சிரித்திருக்கிறோம். பிழை மலிந்த கடிதம் திருட்டுக் கடிதம் என்பது அன்றைக்கு எங்கள் சித்தாந்தம்.

அந்தப் பிழைகளுக்கும் ஒரு காரணம் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவால் பெயர் பெற்ற பழைய மோசடியை, அதாவது கோடிக்கணக்கான டாலர் முடங்கிக் கிடக்கிறது, முன்பணம் கட்டினால் பங்கு தருகிறோம் என்பதை, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-ல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். இவ்வளவு அசட்டுத்தனமாக எழுதினால் யார் நம்புவார்கள் என்று நாம் கேட்கிறோம். சந்தேகப்படுகிறவன் முதல் வரியிலேயே விலகிவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு என்பது அவர் வாதம். மிஞ்சுகிறவனோடு மட்டும் நேரம் செலவழித்தால் போதும். ஸ்பெயினில் சிறைப்பட்ட பணக்காரனை மீட்கப் பணம் கேட்டு 19-ஆம் நூற்றாண்டில் தபாலில் வந்த கடிதங்களின் பேரப்பிள்ளைகள் இவை.

ஆனால் அவளை வீழ்த்திய கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.

2024 ஆகஸ்ட். சிங்க மாதம் பிறந்து, செப்டம்பர் 15 திருவோணத்துக்கு ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த நேரம். கசவுக்கு வேண்டிய ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. மாமனார் காலத்திலிருந்தே ஒரே வியாபாரிதான். அங்குள்ள கணக்கரை இந்த வீட்டில் எல்லோரும் முனீம்ஜி என்பார்கள். முனீம்ஜியின் ஆங்கிலம் பிரசித்தம். எல்லாமே பெரிய எழுத்துக்கள், முற்றுப்புள்ளி கிடையாது, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'மேடம்ஜி'. அன்று வந்த கடிதமோ நயமான ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வங்கிக் கணக்கு வருடாந்திரத் தணிக்கையில் இருப்பதால் இந்த ஒரு முறை மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும், சிரமத்துக்கு வருந்துகிறோம். பில் நம்பர் சரி. தொகை சரி. ரூ. 1,74,000. கீழே அவளும் முனீம்ஜியும் முந்தின வாரம் எழுதிக்கொண்ட கடிதங்கள் வரிசையாக இருந்தன. இரவு ஒன்பது மணிக்குப் பார்சல்களுக்கு நடுவே உட்கார்ந்து பணத்தை அனுப்பிவிட்டாள்.

"நல்ல இங்கிலீஷ் தெரிஞ்ச பையன் யாரையோ வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன் அக்கா" என்றாள் என்னிடம். "சந்தோஷமாகூட இருந்தது."

மூன்று நாள் கழித்து நிஜமான முனீம்ஜி போனில் பணம் கேட்டார்.

பிறகு நாங்கள் அந்தக் கடிதத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தோம். சூரத் கம்பெனியின் பெயரில் ஒரு 'எம்' என்ற ஆங்கில எழுத்து வருகிறது. இதில் அந்த இடத்தில் 'எம்' இல்லை. 'ஆர்', 'என்' என்ற இரண்டு சின்ன எழுத்துக்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. வேகமாகப் பார்க்கிற கண்ணுக்கு அவை இரண்டும் சேர்ந்து 'எம்'தான். எனக்கு எம்.ஏ. வகுப்பில் பாடபேதம் படித்தது ஞாபகம் வந்தது. ஏட்டுச்சுவடியில் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒன்று போலிருக்கும். எகரமா ஏகாரமா என்று சொல்வதற்கில்லை. ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் பொருளே மாறிவிடும் என்பதால் உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் பல பிரதிகளை வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். அங்கே ஏடு எழுதினவன் கை தவறியிருப்பான். இங்கே தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டது. அதுதான் வித்தியாசம்.

ஓர் எழுத்தால் மோசம் போனவள் அவள் மட்டுமல்ல. 2015-ல் பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி., சவூதி அராம்கோவுக்கு நாப்தா விற்றதற்கு வர வேண்டிய ரூ. 197 கோடி வேறு கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டதாக மும்பை போலீஸில் புகார் பதிவாயிற்று. மோசடிக்காரர்கள் செய்தது மிகச் சின்ன வேலை. மின்னஞ்சல் முகவரியில் ஓ.என்.ஜி.சி. என்பதை ஓ.ஜி.என்.சி. என்று மாற்றியிருந்தார்கள். இத்தாலியின் மயர் டெக்னிமான்ட் குழுமத்தின் மும்பை நிறுவனம் 2018-ல், தலைமை நிர்வாகியே எழுதியதுபோல் வந்த கடிதங்களை நம்பி ஹாங்காங்குக்குச் சுமார் ரூ. 130 கோடி அனுப்பியது. லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர் இன்னும் துணிச்சல்காரர். தைவான் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, 2013-க்கும் 2015-க்கும் இடையில் கூகுள், ஃபேஸ்புக் இரண்டுக்கும் பில் அனுப்பி, 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார். 2019-ல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது. மின்னஞ்சலை உலகத்துக்கே வழங்குகிற நிறுவனம் மின்னஞ்சலில் ஏமாந்ததைச் சொன்னபோது என் சிநேகிதி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவளுடைய மாமனார் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு போன் பண்ணிக் கேட்டியா மக்ளே?"

அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணங்கள் இருந்தன. இரவு ஒன்பது மணி, முனீம்ஜிக்கு வயதாகிவிட்டது, தணிக்கை என்றார்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அவர் காலத்தில் அந்தக் கூச்சம் கிடையாது. விருதுநகர் மண்டியிலிருந்து பிள்ளையார் சுழி போட்டுக் கடிதம் வரும். கையெழுத்தைப் பார்த்தாலே எந்தக் கணக்குப்பிள்ளை எழுதியது என்று தெரியும். புதிய கை எழுதியிருந்தால் ட்ரங்க் கால் போட்டுக் கேட்பார்கள், அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முனீம்ஜியின் முற்றுப்புள்ளி இல்லாத ஆங்கிலம்தான் அவருடைய கையெழுத்து. அது மாறியதை இவள் கவனித்தாள். கவனித்ததைத் தனக்குச் சாதகமாக அர்த்தப்படுத்திக்கொண்டாள்.

1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தார்கள். 2021-ல் வேறு எண்ணில் தொடங்கிப் பிறகு இந்த எண்ணுக்கு மாறிய தேசிய உதவித் தொலைபேசி அது. புகார் பதிவானதும் பணம் எந்த வங்கிக்குப் போயிற்றோ அங்கே தகவல் போய், கணக்கில் மிச்சமிருப்பது முடக்கப்படுகிறது. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பெரும்பகுதி தப்பக்கூடும். மூன்று நாள் என்பது மோசடிக்காரர்களுக்கு மூன்று யுகம். பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்குப் போய், அங்கிருந்து சில்லறையாகச் சிதறிவிட்டிருந்தது. இரண்டாவது கணக்கில் ரூ. 41,000 அகப்பட்டது. இந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கமிஷனுக்காகப் பாஸ்புத்தகத்தையும் கார்டையும் வாடகைக்கு விட்டவர்கள். கடிதம் எழுதியவன் எங்கே இருக்கிறானோ!

சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு, கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. பழைய '420' இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. (மேடைப் பேச்சாளர்களுக்கு இது ஈடு செய்ய முடியாத இழப்பு.) ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது தண்டனை அல்ல, ஜரிகைப் பணம். அறியாமல் கணக்கிலிருந்து திருடப்பட்ட பணத்துக்கு, மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் சொன்னது உண்மை. அது வேறு யாரோ புகுந்து எடுத்த பணத்துக்கு. தானே ஓ.டி.பி. தட்டி அனுப்பியவருக்கு அந்தக் குடை விரியாது.

இதில் அவளுக்குப் பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் சூரத் கம்பெனியின் பெயரைத்தான் தட்டினாள். கணக்கு வேறு யாருடைய பெயரிலோ இருந்தது. வங்கி ஏன் தடுக்கவில்லை? ஏனென்றால் நெஃப்ட் முறையில் கணக்கு எண் மட்டுமே பார்க்கப்பட்டு வந்தது. பெயர் வெறும் அலங்காரம். பணம் அனுப்புமுன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று 2024 டிசம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, 2025 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்தது. அவளுக்கு அது எட்டு மாதம் தாமதம். இப்போது புதுக் கணக்கு எண் எதைத் தட்டினாலும் திரையில் வரும் பெயரை வாய்விட்டு ஒரு முறை படிக்கிறாள்.

முடக்கப்பட்ட நாற்பத்தோராயிரம் நீதிமன்ற உத்தரவு பெற்றுக் கைக்கு வந்து சேர்ந்தது. மீதி ரூ. 1,33,000 யாருடைய நஷ்டம் என்பது சட்டப் புத்தகம் தீர்க்காத கேள்வியாக நின்றது. சூரத்துக்காரர் சரக்கு அனுப்பிவிட்டார், பணம் வரவில்லை. இவள் பணம் அனுப்பிவிட்டாள், அது போய்ச் சேரவில்லை. ஓணம் நெருங்க, பாலராமபுரத்தில் நெசவாளிகளுக்குக் கூலி பாக்கி. இரண்டு வீட்டுக்கும் இடையே முதல் தடவையாகப் போனில் குரல்கள் உயர்ந்தன. 'எங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை' என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

தவறு எங்கே நடந்தது என்று சூரத்துக்காரரின் பேரன்தான் கண்டுபிடித்தான். ஜூலையில் முனீம்ஜிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. உங்கள் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது. மனிதர் பயந்துபோய்க் கடவுச்சொல்லைத் தட்டியிருக்கிறார். அன்றிலிருந்து யாரோ ஒருவன் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன பாக்கி, எப்போது தருவார்கள் என்று பொறுமையாக வாசித்துக்கொண்டிருந்தான். நாங்கள் வாசித்துச் சிரித்த அதே கடிதம்தான்! அது ஒரு மாதம் கழித்து இந்தப் பக்கம் வந்து கடித்தது. விஷயம் தெரிந்ததும் சூரத்துக்காரர் தானே கூப்பிட்டார். பாதி உங்களுடையது, பாதி என்னுடையது என்றார். ஆளுக்கு ரூ. 66,500. மாமனார் ஒத்துக்கொண்டார். எந்தக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளவில்லை.

கதை இத்துடன் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பட்ட அடியில் அவள் எல்லாக் கடிதங்களையும் சந்தேகிக்கத் தொடங்கினாள். சில மாதம் கழித்து தோஹாவிலிருந்து ஒன்று வந்தது. தலை கால் புரியாத ஆங்கிலம். அறுபது செட்டுமுண்டு, நாற்பது வேஷ்டி, கல்யாணம், ரேட் சீக்கிரம் சொல்லவும். பெரிய ஆர்டர், அவசரம், வெளிநாடு, பிழைகள். படித்த பாடங்கள் அத்தனையும் பொருந்தின. அழித்துவிட்டாள். இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. அவற்றையும் அழித்தாள்.

ஒரு நாள் சாலையில் மாமனாரின் பழைய கடைக்கு ஒருவர் வந்து நின்றார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், தோஹாவில் டிரைவர், மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர். "மூணு தடவை மெயில் போட்டேன் அண்ணாச்சி. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அதனாலதான் மதிக்கலையோன்னு நெனச்சேன்" என்றிருக்கிறார். துணியை வேறு இடத்தில் எடுத்தாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கத்தான் வந்தார். அவருடைய அப்பாவுக்கு இந்தக் கடையில் கணக்கு இருந்ததாம்.

மோசடிப் பணத்தைவிட இதுதான் அவளை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன். எனக்கும் குத்தியது. பிழையோடு எழுதுகிறவன் திருடன் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. தமிழ் படித்த திமிர் என்றுகூடச் சொல்லலாம். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் எந்த மொழியிலும் ஒற்றுப்பிழை இல்லாமல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. என்னிடம் அண்மையில் காட்டிய ஒரு போலி வங்கிக் கடிதத்தில் வல்லினம் மிகும் இடமெல்லாம் சரியாக மிகுந்திருந்தது. பல பத்திரிகை அலுவலகங்களில் அந்தச் சுத்தம் கிடையாது. மொழி நன்றாக இருப்பது யோக்கியதைக்குச் சாட்சியாக இருந்த காலம் போய்விட்டது. பிழையாக எழுதுகிறவர்களாக மிஞ்சப் போகிறவர்கள் முனீம்ஜியும் அந்த டிரைவரும்தானோ என்னவோ.

அப்படியானால் போன் பேசினால் போதுமா? அதிலும் ஒரு நிபந்தனை. கோழிக்கோட்டில் 2023 ஜூலையில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு, பழைய சக ஊழியர் வீடியோவில் தோன்றிப் பேசி, அவசர ஆபரேஷனுக்கு என்று ரூ. 40,000 வாங்கினார். தோன்றியது அவர் அல்ல, கம்ப்யூட்டர் செய்த முகம். இரண்டாம் முறையும் பணம் கேட்டபோது சந்தேகம் வந்து, தன்னிடம் ஏற்கனவே இருந்த எண்ணில் நண்பரைக் கூப்பிட்டார். விஷயம் வெளிப்பட்டது. கேரள போலீஸ் அந்தப் பணத்தை மீட்டது. ஆகவே அவர்கள் கூப்பிட்டுப் பேசுவது கணக்கில் சேராது. நாம் கூப்பிட வேண்டும், அதுவும் கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணை அல்ல, நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணை.

அந்த எண்கள் எல்லாம் மாமனாரின் சிவப்புத் துணி பைண்டு போட்ட பேரேட்டில் இருக்கின்றன. சாலைக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது மாடி அறையில் ஓர் உத்தியோகம். கணக்கு எண் மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், எவ்வளவு சின்னத் தொகையானாலும், அவர் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் பணம் போகும். ஊர் பேர் தெரியாத புதிய ஆர்டருக்கும் பதில் உண்டு. எங்கள் எண் இது, ஒரு தடவை பேசிவிடுங்கள் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியையும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிக் கொடுத்தது நான். பேசுகிறவர்களில் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். "உங்களுக்கு வியாபாரம் வேண்டாமா?" என்று கேட்டவர்களும் உண்டு.

சென்ற முறை நான் போயிருந்தபோது சூரத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. முழுக்கப் பெரிய எழுத்துக்கள், முற்றுப்புள்ளி இல்லை, நாலு 'மேடம்ஜி'. பேரன் புதிய வங்கியில் கணக்குத் தொடங்கியிருக்கிறானாம், இனி அதில் அனுப்ப வேண்டுமாம். "இது முனீம்ஜியேதான் அக்கா, சத்தியமா" என்றாள் அவள். மாமனார் அதற்குள் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் முனீம்ஜி எடுத்ததும், முதலில் இரண்டு பேரும் அவரவர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள், இவருடைய சாலைக் கடைத்தெரு ஹிந்தியில். பிறகு முனீம்ஜி எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் திரையில் விரல் வைத்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது இலக்கத்தில் காது சரியாகக் கேட்கவில்லை.

"மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்க முனீம்ஜி" என்றார்.